வெறும் மண் தொட்டி

மூன்றாமாண்டு ஆய்வுத் தலைப்பு கொடுக்கும் நாளன்று நான் தாமதமாகப் போனேன். நல்ல தலைப்புகளையெல்லாம் அதற்குள் நல்ல பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒன்றுதான்: தாவரவியல் பூங்காவுக்குப் போய், முளைக்க மறுக்கும் ஒரு மர விதையை முளைக்க வைப்பது. அதையும் ஒருத்தி ஏற்கெனவே எடுத்திருந்தாள். அவளுக்கு ஒரு கூட்டாளி தேவைப்பட்டது, எனக்கு ஒரு தலைப்பு தேவைப்பட்டது. பல திருமணங்கள் இதைவிடக் குறைந்த காரணத்துக்காக நடந்திருக்கின்றன என்றேன். அவள் சிரிக்கவில்லை. வகுப்பில் அவளுக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர்.

எனக்கு அடிக்குறிப்பு என்று பெயர். யார் என்ன சொன்னாலும் அதற்குக் கீழே ஒரு வரி முனகிக்கொண்டிருப்பேன் என்பதால்.

மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நெல்லிக் குடும்பத்துக் காட்டு மரம். லத்தீனில் மட்டும்தான் அதற்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரைத் திக்காமல் சொல்கிறவர்கள் அந்த மரத்தைவிட அரிது. காட்டின் உள்ளே எங்கோ சில நிற்பதாகப் பேச்சு. பூங்காவில் ஒன்று நின்றது. நாங்கள் முதலாமாண்டில் இருந்தபோது அடித்த காற்றில் அதுவும் சாய்ந்தது. துறையே திரண்டு போய்ப் பார்த்தோம். விழுந்த அடிமரத்தின் மேல் உயர வரிசையில் உட்கார்ந்து, சுவர்ப் பத்திரிகைக்காக ஒரு குழுப் படம் எடுத்துக்கொண்டோம். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் கூட்டம் போல இருந்தது அந்தப் படம். அதில் ஒரே ஒருத்தி மட்டும் இல்லை. அவள் ஒடிந்த கிளைகளுக்கு நடுவில் குனிந்து, மதியச் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்துவிட்டு, அதில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த டப்பாதான் பூங்காவிடம் மிச்சமிருந்த மொத்தச் சொத்து. பூச்சி துளைத்ததைக் கழித்துவிட்டால், குவித்த ஒரு கையில் அடங்கிவிடும்.

"இது போச்சுன்னா போச்சு. வேற எங்கயும் போய் வாங்க முடியாது. உனக்குப் புரியுதா?" என்று முதல் நாளே கேட்டாள், டப்பாவில் காய் பொறுக்கிய அதே ஹெட்மாஸ்டர்.

"புரியுது. கடையில கிடைக்காது."

"நீ பேசாம மண்ணு சலி."

சலித்தேன். அந்த நாற்றுக் கொட்டகையை இப்போது நினைத்தாலும் மூக்கில் முதலில் வருவது அந்த ஈர மண்ணின் வாசனைதான். மேலே பச்சை வலை, அதனால் உள்ளே நிற்கிற எல்லோருடைய முகமும் லேசாகப் பச்சை. தலைக்கு மேல் ஓடிய குழாய்கள் திடீரென்று தும்மி, பொடிப் பொடியாகத் தண்ணீரைத் தூவும். எப்போது தூவும் என்பது யாருக்கும் தெரியாது. நான் எதையாவது எழுத ஆரம்பித்தால் தூவும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கொட்டகையைக் கவனித்துக்கொண்டவரைக் கொட்டகை அண்ணன் என்போம். பெரிய மீசை, சின்னக் குரல். அவருக்கு ஒரே ஒரு சட்டம். வருஷா வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் பெஞ்சுகளைக் காலி செய்து கழுவ வேண்டும். அன்றைக்குப் பச்சை தெரிகிற தொட்டி நிற்கும். பச்சை தெரியாத தொட்டி தள்ளுவண்டியில் ஏறி, பின்பக்க மண் குவியலில் கவிழும். அது பேராசிரியர் தொட்டியா மாணவர் தொட்டியா என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை. சமத்துவம் முழுமையாக நிலவிய ஒரே இடம் அந்தக் குவியல்தான்.

"பச்சை வந்துருச்சுன்னா என் பொறுப்பு தங்கச்சி, கண்ணு மாதிரி பாத்துக்குவேன்" என்று ஹெட்மாஸ்டரிடம் சொன்னார். "வரலைன்னா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

எங்கள் வழிகாட்டி, ஆனாலும் சார். எந்த வாக்கியத்தையும் அந்தச் சொல்லை முன்னால் அனுப்பாமல் அவர் தொடங்கியதில்லை. திருமண மேடையில் சம்மதம் கேட்டபோதும் "ஆனாலும்" என்று ஆரம்பித்தார் என்பது துறையில் உலவிய நம்பத்தகுந்த வதந்தி. விதைகளை நான்கு வரிசையாகப் பிரிக்கச் சொன்னார். ஒன்று அப்படியே, ஒன்று உப்புத்தாளில் தேய்த்து, ஒன்று பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒன்று வெந்நீரில். பிறகு தலையைச் சொறிந்தார்.

"ஆனாலும், விதையே போடாம வெறும் மண்ணு மட்டும் ஒரு வரிசை வேணும்மா. ஒப்பிட்டுப் பாக்கணும்ல."

"விதையே இல்லாத தொட்டிய எதோட சார் ஒப்பிடறது?" என்றேன்.

"ஆனாலும், உன் தலையோடதான்ப்பா."

ஹெட்மாஸ்டர் அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தாள். என் செலவில் என்றாலும் சிரிப்பு சிரிப்புதான்.

விதைகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், நான் தொட்டிக்கு ஒன்றாக ஊன்றினேன். வெள்ளை அட்டையில் பென்சிலால் எழுதிச் செருகினேன். அப்புறம் காத்திருந்தோம். விடுமுறை விட்டு எல்லோரும் ஊருக்குப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் காலையில் பூங்காவின் பின்வாசலில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நுழைவோம். மண்ணைப் பார்ப்போம். மண் எங்களைப் பார்க்கும். மத்தியானம் பெஞ்சின் ஒரு மூலையைத் துடைத்துச் சாப்பிடுவோம். அவள் டப்பாவில் எப்போதும் என்னுடையதைவிட நல்ல சாப்பாடு இருக்கும், அதை அவள் எப்போதும் பாதிக்கு மேல் சாப்பிட மாட்டாள். மீதியை நான் ஆய்வு நலன் கருதி ஏற்றுக்கொள்வேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சும்மா இருந்ததும் இல்லை, அவ்வளவு அக்கறையாகச் சும்மா இருந்ததும் இல்லை.

ஒருநாள் காலையில் நான் நுழையும்போது அவள் பெஞ்சோடு பெஞ்சாகக் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மயக்கம் போட்டுவிட்டாளோ என்று ஓடினேன்.

"மூச்சு விடாத" என்றாள். "பாரு."

பார்த்தேன். தொட்டியில் பச்சையாக ஒரு புள்ளி. பக்கத்துத் தொட்டியில் இன்னொன்று. அடுத்த வரிசையிலும். அவள் என் சட்டைக் கையைப் பிடித்து ஒவ்வொரு தொட்டியாக இழுத்துக்கொண்டு போனாள். இழுத்த இடத்தில் பொத்தான் தெறித்தது. அதைப் பிறகு நான் தைக்கவே இல்லை.

செய்தி பரவியது. கொட்டகை அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் கூட்டிவந்து, சொந்தப் பேரப்பிள்ளையைக் காட்டுவதுபோலக் காட்டினார். ஆனாலும் சார் ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து, குனிந்து பார்த்தார். இந்த மரத்தின் நாற்றை இதுவரை யாரும் படம் வரைந்து வைத்ததில்லை, நாம்தான் முதல் ஆள் என்றார். குனிந்தபடியே கடைசி வரிசைக்கு வந்தார். நின்றார்.

வெறும் மண் தொட்டிகளிலும் முளைத்திருந்தது.

குழாய் கூடத் தும்மவில்லை. ஹெட்மாஸ்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"நீதானே ஊனின?"

"நான்தான்."

"இதுல எதுக்குடா ஊனின?"

"இதுல ஊனலையே."

"அப்ப ஆகாசத்துல இருந்து விழுந்துதா?"

"ஆனாலும்," என்றார் சார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "பையன் அன்னிக்குக் காதுல பாட்டு மாட்டிட்டு இருந்தான்."

"தம்பி கொஞ்சம் பராக்குதான் சார்" என்று அண்ணன் வருத்தத்தோடு ஒத்துக்கொண்டார்.

எனக்கே என்மேல் நம்பிக்கை போய்விட்டது. மூன்று பேர் சொல்கிறார்கள், என் முன் வரலாறும் அப்படித்தான் இருக்கிறது. ஊன்றியிருப்பேன் என்று நானும் எனக்கு எதிராக வாக்களித்தேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சில தொட்டிகளில் ஒரு விதைக்கு இரண்டு முளை வந்திருந்ததற்குச் சார் அங்கேயே விளக்கம் வைத்திருந்தார்: ஒரே விதைக்குள் இரட்டைக் கரு. அப்படி நடப்பதுண்டு. தாவரவியல் படித்தவர்களிடம் உள்ள சௌகரியமே அதுதான். எதைக் காட்டினாலும் அப்படி நடப்பதுண்டு என்று சொல்ல எங்களுக்கு ஒரு செடி எங்காவது இருக்கும்.

பிறகு அளந்தோம். உயரம், இலை எண்ணிக்கை, இலையின் நீளம். நான் அளவுகோலைப் பிடிக்க அவள் எழுதுவாள். செடிகள் தினமும் எங்களைச் சந்தோஷப்படுத்தின. வெறும் மண் தொட்டிச் செடிகள்தான் எல்லாவற்றையும்விட வேகமாக வளர்ந்தன. "உன் கை ராசி" என்று குத்திக்காட்டுவாள். அந்த வாரங்களில் அவள் சாப்பாடு முழுவதையும் அவளே சாப்பிட்டாள். எனக்கு நஷ்டம்தான், ஆனாலும் பார்க்க நன்றாக இருந்தது. (சாரின் சொல் என்னையும் தொற்றியிருந்தது.)

கொட்டகை காலி செய்யும் நாளும் எங்கள் தொட்டிகளைப் பூங்காக் கண்காணிப்பாளர் பார்வையிடும் நாளும் ஒன்றாகவே அமைந்தன. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் அட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"டேய், இங்க வா" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

லென்ஸைக் கையில் கொடுத்து, ஒரு கிளையைப் பென்சிலால் புரட்டிக் காட்டினாள். இலைகளுக்குக் கீழே, நூல் பிடித்த மாதிரி வரிசையாக, கடுகளவு உருண்டைகள்.

"காய்ச்சிருக்கு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"ஒரு சாண்கூட இல்லாத மரம் காய்க்குமாடா?"

"அப்படி நடப்பதுண்..."

"கீழாநெல்லிடா இது."

சொன்ன பிறகு வேறு எதுவாகவும் அது தெரியவில்லை. மஞ்சள் காமாலை என்றால் எல்லார் வீட்டிலும் முதலில் தேடுகிற களை. தெருவோரத்தில், சாக்கடை ஓரத்தில், எங்கள் கல்லூரி வாசலிலேயே முளைத்துக் கிடப்பது. மரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை, அதனால் சின்ன வயதில் முகஜாடை இருந்திருக்கிறது. மண்ணோடு மண்ணாக வந்து எல்லாத் தொட்டியிலும் முளைத்திருக்கிறது. பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இரண்டு பேர், ஒரு முனைவர் மேற்பார்வையில், அதற்கு வாரக்கணக்கில் இலை எண்ணியிருக்கிறோம். உண்மையை முதல் நாளே சொன்னது அந்த வெறும் மண் தொட்டிகள் மட்டும்தான்.

"அப்ப நான் தப்பா ஊனலை" என்றேன்.

அவள் தலைகீழாகக் கவிழ்த்திருந்த ஒரு பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இந்தப் பச்சை போனால் தொட்டிகளில் பச்சை இல்லை. பச்சை இல்லையென்றால் நாளைக்குக் காலையில் தள்ளுவண்டி.

"விதையெல்லாம்?"

"அடியிலதான் இருக்கும். அது தூங்குது. இந்த மாதிரி மரம் ரெண்டு மூணு மழை கூடத் தூங்கும்."

"அப்ப பேசாம விட்ரு" என்றேன். "யாருக்கும் தெரியாது. பச்சை இருக்கு, அண்ணன் தொட மாட்டாரு. விதை பாட்டுக்குத் தூங்கட்டும். அதுவா முளைக்கும்போது நாம மெதுவா அளவைத் திருத்திக்கலாம்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன நடைமுறைக்கு உகந்த ஒரே யோசனை அது. அவளும் அதை யோசிக்காமல் இல்லை. ரொம்ப நேரம் பக்கெட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"நாளைக்குக் கண்காணிப்பாளர் மேடம் வந்து, பூங்காவுல இந்த மரம் இத்தனை நாத்து இருக்குன்னு எழுதிக்குவாங்க" என்றாள் கடைசியில். "மேல அனுப்புவாங்க. நாளைக்கே காட்டுல மிச்சம் இருக்கறத எவனாவது வெட்ட வருவான். யாராவது தடுத்தா, அதான் பூங்காவுல நிறைய வளக்கறாங்களேம்பான். எதைக் காட்டி? கீழாநெல்லியக் காட்டி."

இதற்குக் கீழே முனக என்னிடம் வரி இல்லை.

மறுநாள் காலையில் கண்காணிப்பாளர் மேடம் வந்தார். உயரமானவர், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார், எதைப் பார்ப்பதற்கு முன்னாலும் அதைத் துடைப்பார். சார் பக்கத்தில் சலவைச் சட்டையில் நின்றார். அண்ணன் தள்ளுவண்டியோடு வாசலில் நின்றார். எங்கள் தொட்டிகள் அவர் கணக்கில் இல்லை என்பதால் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இது கீழாநெல்லி மேடம்" என்றாள் ஹெட்மாஸ்டர். வணக்கம் சொல்வதற்கு முன்னால்.

சார் "ஆனாலும்" என்றார். பின்னால் எதுவும் வரவில்லை. அந்தச் சொல் தனியாக நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அவள் முதல் தொட்டியில் ஆரம்பித்தாள். ஒவ்வொரு செடியாக வேரோடு பிடுங்கி பெஞ்சில் அடுக்கினாள். யாரும் தடுக்கவில்லை. நானும் மறுபக்கத்திலிருந்து பிடுங்கத் தொடங்கினேன். பழகிய செடிகள். ஒவ்வொன்றின் உயரமும் எனக்கு மனப்பாடம். கடைசியில் பெஞ்சில் நின்றதெல்லாம் வெறும் மண் தொட்டிகள். அண்ணனுடைய சிரிப்பு போய்விட்டிருந்தது. வண்டியின் கைப்பிடியை அவர் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தார்.

"அப்ப உள்ள ஒண்ணும் இல்லை" என்றார் மேடம்.

"இருக்கு மேடம்."

"முளைக்காத விதைக்கு எத்தனை நாள்மா இடம் கொடுக்கறது? இடத்துக்கு எவ்வளவு அடிதடின்னு உனக்கே தெரியும். செத்த விதைக்கும் தூங்கற விதைக்கும் வெளியில இருந்து வித்தியாசம் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"பின்ன?"

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "பிளேடு குடு."

எதற்கு என்று எனக்குப் புரிந்தது. கொடுக்கத் தயங்கினேன். நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. கொடுத்தேன்.

ஒரு தொட்டியின் மண்ணை விரலால் விலக்கி விதையை எடுத்தாள். கழுவினாள். வெள்ளை ஓடு ஒன்றின் மேல் வைத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் விழுந்த மரத்தின் நடுவிலிருந்து அவளே பொறுக்கியது. பிளேடை வைத்து அழுத்தும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். விதையின் ஓடு டக்கென்று பிளந்தது.

உள்ளே வெள்ளை வெளேரென்று, இறுக்கமாக, ஈரம் பளபளக்க ஒரு பருப்பு. நடுவில் மடித்து வைத்த மாதிரி இரண்டு மெல்லிய இலைகள். சுருக்கம் இல்லை, பூசணம் இல்லை.

மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"உயிரோட இருக்கு மேடம்" என்றாள். பிறகு திருத்தினாள். "இருந்துச்சு."

"இருக்கறதே கொஞ்சம். அதுல ஒண்ணைக் கெடுத்துட்டியேம்மா."

"காட்டறதுக்கு வேற வழி தெரியலை மேடம்."

குழாய்கள் தும்மின. எல்லோர் தலையிலும் தண்ணீர் தூவியது. யாரும் நகரவில்லை.

"இந்த மழை முடியற வரைக்கும்" என்றார் மேடம்.

"மூணு மழை மேடம்."

"இது என்ன காய்கறிக் கடையா?"

"ரெண்டு மேடம்."

மேடம் சாரைப் பார்த்தார். சார் கூரையைப் பார்த்தார். "ரெண்டு" என்றார் மேடம். "அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

அண்ணன் வண்டியைத் திருப்பி அடுத்த பெஞ்சுக்குத் தள்ளிக்கொண்டு போனார். தன் சட்டத்துக்கு அவர் கொடுத்த ஒரே விதிவிலக்கு அதுதான்.

எங்கள் ஆய்வறிக்கையில் முடிவுகள் என்ற பகுதி ஒரே ஒரு வரி. எதுவும் முளைக்கவில்லை. சுமாரான மதிப்பெண் வந்தது. கல்லூரிக் கேன்டீனில், எல்லோர் முன்னிலையிலும், ஹெட்மாஸ்டர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்த வெறும் மண்ணு விஷயத்துல உன்னத் திட்டினேன். நீ சரியாத்தான் ஊனியிருந்த" என்றாள். என் மூன்று வருடக் கல்லூரி வாழ்க்கையில் நான் ஒரு வேலையைச் சரியாகச் செய்ததாக அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது அந்த ஒரு முறைதான். அதுவும் விதைக்காமல் இருந்ததற்காக.

அப்புறம் எல்லோரும் கலைந்தோம். அவள் மேல்படிப்புக்காக வெகுதூரம் போனாள், பனி பெய்கிற ஊருக்கு. நான் இங்கேயே ஒரு நிறுவனத்தில் மின்விசிறி, மிக்சி வாங்கினால் உள்ளே வருகிற கையேட்டை எழுதுகிறேன். அதை யாரும் படிப்பதில்லை என்பதால் நிம்மதியான வேலை. சனிக்கிழமைதோறும் பூங்காவுக்குப் போய்த் தொட்டிகளைப் பார்க்க வேண்டும் என்பது கிளம்பும்போது அவள் எனக்குப் போட்ட உத்தரவு. வேறு ஆள் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போட்டாள்.

முதல் மழை வந்து போனது. மண்தான் இருந்தது. களை வந்தது, பிடுங்கினேன். இப்போது அதைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். போகிற வழியில் ஜூனியர் பிள்ளைகள் யாராவது பெஞ்சின் மூலையைத் துடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்காது. கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வருவேன். இரண்டாம் மழையும் பாதிக்கு மேல் பெய்து முடிந்திருந்தது. அடுத்த மாதம் பெஞ்சைக் கழுவப் போவதாக அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல், சொல்லியிருந்தார்.

சென்ற சனிக்கிழமை அவளை அழைத்தேன். அங்கே விடிகாலை.

"என்னடா, அண்ணன் கழுவிட்டாரா?" என்றாள் எடுத்தவுடன்.

"இல்லை. ஒண்ணு வந்திருக்கு."

"கீழாநெல்லி."

"இல்லை."

"நீ சொன்னா நான் எப்படி நம்பறது?"

"நம்பாத. கேளு. தண்டு தடியா இருக்கு, பென்சில் பருமன்ல பாதி. செங்கல் நிறம். கழுத்து வளைஞ்சு, இப்பத்தான் நிமிருது. ரெண்டு இலை, கரண்டி மாதிரி, கெட்டியா. ஒரு இலை நுனியில விதை ஓடு இன்னும் தொப்பி மாதிரி மாட்டிட்டிருக்கு."

படம் அனுப்பினேன். அதைப் பார்த்தாள் என்று திரையில் தெரிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"இங்க ரொம்பக் குளிர்டா" என்றாள். "சளி."

"தெரியுது."

"மத்த தொட்டி?"

"ஒண்ணும் இல்லை. ஆனா ஒண்ணு வந்தாச்சு. அண்ணன் வண்டிய எடுத்துட்டுப் போய்ப் பின்னாடி சாத்திட்டாரு. ஒண்ணு வந்தா மத்ததும் வரும்கறாரு."

"டேய்."

"சொல்லு."

"இன்னொரு தரம் சொல்லு. தண்டுல இருந்து."

பெஞ்சின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டேன். சொல்ல ஆரம்பித்தேன்.

"மெதுவா" என்றாள்.

மெதுவாகச் சொன்னேன்.